ஃபிஷ் முடிச்சுட்டு வாங்க

நாற்பத்தாறு நாள் தேவானை மீன் சாப்பிட்டாள். காலையில் இட்லியோடு நெத்திலிக் குழம்பு, மதியம் சங்கரா, பொழுது சாய்ந்ததும் இரண்டு துண்டு வஞ்சிரம். ஒவ்வொரு வாயையும் கண்ணை மூடிக்கொண்டு, கஷாயம் குடிக்கிற மாதிரி விழுங்கினாள்.

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கிற ஒருத்தி மீன் சாப்பிட்டதில் என்ன அதிசயம் என்று தோன்றும். லூப் ரோட்டு மார்க்கெட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: தேவானை மீனைத் தொடுவாள், அறுப்பாள், விற்பாள், தின்ன மாட்டாள். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவள் தங்கை சீதா, பதினாறு வயசுப் பெண், அன்னக்கூடையோடு கரைக்குப் போனாள். மூன்றாம் நாள் பட்டினப்பாக்கம் பக்கம் கிடைத்தாள். "என் தங்கச்சிய துன்ன கடலு இது. இதுல மேஞ்சத நான் துன்ன மாட்டேன்" என்றாள் தேவானை. அப்போது குப்பத்தில் பல பேர் அப்படித்தான் சொன்னார்கள். நாலு மாசத்தில், ஆறு மாசத்தில், ஒவ்வொருவராகச் சட்டிக்குத் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயசு. இடுப்பில் ஒரு வயசுக் குழந்தை தமிழ்நிலா.

"நீயே சாப்பிட மாட்டே. எனக்கு மட்டும் ருசியா இருக்கும்னு எப்படிச் சொல்றே?" என்று ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் வரும் மயிலாப்பூர்க்காரர் ஒருவர் சீண்டுவார்.

தேவானை மீனின் செவுளைக் கட்டை விரலால் தூக்கிக் காட்டுவாள். "ருசி உன் நாக்குல கீது சார். எனக்கு செவுளு போதும். செவப்பா இருந்தா மீனு பொய் சொல்லல."

இருபது வருஷ வைராக்கியம் அது. நாலே நாலு ஆங்கில எழுத்து அதை உடைத்தது.

சித்திரை வெயிலில் ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலி இல்லாததால் இரண்டு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு பக்கத்துக் கடைப் பொன்மணியிடம் சொன்னாள். பொன்மணி கத்தியைக் கீழே போட்டுவிட்டு அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஊசி வைத்துச் சதை எடுக்க வரிசை நீளம் என்பதால் தி. நகரில் ஒரு லேபுக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து லேபில் ஒரு பழுப்புக் கவர் கொடுத்தார்கள். உள்ளே ரிப்போர்ட்டு. கூடவே தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத வெள்ளை பிளாஸ்டிக் துண்டு ஒன்று, அதன் மேல் மெழுகு. மெழுகுக்குள் நூல் மாதிரி ஏதோ.

கவரை எடுத்துக்கொண்டு அவள் தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கணவன் கதிரேசன் கடலில். தமிழ்நிலா வேலையில், ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறைகளுக்கு உதிரிபாகம் அனுப்புகிற ஆபீஸில் கம்ப்யூட்டரில் பில் போடுகிறாள். பெரிய டாக்டர் நீரஜா அன்றைக்கு ஆபரேஷனில் இருந்தார். கூட்டம் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தது. மேஜையில் இருந்த இளம் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், பிளாஸ்டிக் துண்டைத் தூக்கிப் பார்த்தார், இரண்டையும் கவருக்குள் போட்டார்.

"புத்துநோய்தாம்மா. பயப்படாதீங்க, மருந்து இருக்கு. இதுக்குள்ள உங்க கட்டி இருக்கு, பத்திரம். ஃபிஷ் முடிச்சுட்டு வாங்க. ஒரு மாசம் ஆனாலும் பரவால்ல, முடிச்சுட்டு நேரா மேடத்தைப் பாருங்க. அடுத்து யாரு?"

புற்றுநோய் என்கிற சொல் காதில் விழுந்த பிறகு மனுஷனுக்கு மிச்சம் எதுவும் சரியாக விழாது. தேவானைக்கு விழுந்தது ஒரே ஒரு சொல். அவளுக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து இங்கிலீஷ் சொற்களில் முதல் சொல். மார்க்கெட்டு வாசலில் போர்டில் எழுதியிருக்கிற சொல்.

அன்று சாயங்காலம் மகளிடம் கவரை நீட்டினாள். "டாக்டரு ஃபிஷ்ஷு முடிச்சுட்டு வான்னாரு நிலா. இன்னா எழுதிகீது பாரு."

தமிழ்நிலா அழுதுகொண்டே படித்தாள். இரண்டு பக்கம். வாயில் நுழையாத சொற்கள். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமாம்மா, எழுதியே கீது. அட்வைஸ்டு ஃபிஷ். மீனு சாப்பிடச் சொல்லி அட்வைஸு பண்ணிகீறாங்க."

"எனக்கா?"

"வேற யாருக்கு?"

"அய்ய. நான் விக்கிற சரக்கையே எனக்கு மருந்தா எழுதிட்டானா அந்த ஆளு?"

கதிரேசன் அதிகம் பேசாதவன். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரும் அழுத முகத்தோடு சிரித்தார்கள். இருந்தாலும் நிலா விடவில்லை. படித்த பெண், சும்மா நம்ப மாட்டாள். மார்புப் புற்றுநோய்க்கு மீன் நல்லதா என்று போனில் தேடினாள். நல்லது, நல்லது என்று பத்து இடத்தில் வந்தது. அத்தோடு அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

முதல் நாள் தேவானை தட்டின் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கதிரேசன் அன்று பிடித்துவந்த சங்கரா. "சீதா கோச்சிக்க மாட்டா, துன்னு" என்றான். அவன் சீதா பேரைச் சொல்லியே பல வருஷம் ஆகியிருந்தது. அவள் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தாள். தண்ணீரை ஊற்றி இறக்கினாள். நிலா ஒரு காலண்டரில் அன்றைய தேதியைச் சுழித்தாள்.

மிச்சமிருந்தது அந்த மெழுகுத் துண்டு. அதை சாமிப் படத்துக்குக் கீழே அலமாரியில் வைத்திருந்தாள். பன்னிரண்டாம் நாள் மார்பு லேசாகக் குத்த ஆரம்பித்தது. பொன்மணியிடம் சொன்னபோது அவள் கேட்டாள்: "யக்கா, உன் கட்டிய உள்ள வெச்சுக் குடுத்தான்னு சொன்னியே, அது எங்க?"

"ஊட்லதான். சாமிகிட்ட."

"உனுக்கு மூள கீதா? வியாதிய ஊட்டுக்குள்ள, அதுவும் சாமிகிட்ட குந்த வெச்சுகீற. அப்புறம் குத்தாம இன்னா பண்ணும்? வைத்தியம்தான் மீனுன்னு சொல்ட்டாங்களே, அது எதுக்கு உனுக்கு? சுத்திப் போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வா."

குப்பத்தில் தலையைச் சுற்றிப் போடுவதெல்லாம் கடலுக்குத்தான் போகும். அமாவாசை அன்று மதியம், நிலா வேலைக்குப் போயிருந்தபோது, தேவானை ஒரு எலுமிச்சம்பழத்தையும் குங்குமத்தையும் அந்த வெள்ளைத் துண்டையும் கையில் மூடிக்கொண்டு முழங்கால் தண்ணீர் வரை இறங்கினாள். மூன்று தரம் சுற்றினாள்.

"அவள எடுத்துக்கினியே, இத்தையும் எடுத்துக்கோ" என்று சொல்லி வீசினாள். திரும்பிப் பார்க்காமல் வந்தாள். அன்றைக்கு மனசு லேசாக இருந்தது என்பதும் நிஜம்.

ஒரு மாசத்துக்கு மேலேயே சாப்பிட்டாயிற்று என்று நாற்பத்தேழாம் நாள் மகளையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நிலா லீவு போட்டிருந்தாள். காலண்டர் தாளைக்கூட மடித்துப் பையில் வைத்திருந்தாள்.

டாக்டர் நீரஜாவுக்கு ஐம்பது வயசு இருக்கும். குரல் தாழ்ந்த குரல். கேஸ் ஷீட்டைப் புரட்டினார்.

"ஃபிஷ் முடிச்சாச்சா?"

"ஆச்சு டாக்டரம்மா."

"எங்க?"

"எங்க இன்னா, ஊட்லதான்."

நீரஜா நிமிர்ந்தார். "வீட்லயா?"

"ஒரு நாளு கூட உடல. மூணு வேளையும். கொழம்பு, வறுவலு, காய்ச்சலு வந்த அன்னிக்கு மட்டும் சொம்மா ரசத்துல போட்டு." நிலா காலண்டர் தாளை எடுத்து மேஜை மேல் விரித்தாள்.

நாற்பத்தாறு சுழிகள். டாக்டர் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பியவள், டாக்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அம்மா, ஃபிஷ்ங்கறது மீன் இல்லை. அது ஒரு டெஸ்ட்டோட பேரு. நாலு இங்கிலீஷ் வார்த்தையோட முதல் எழுத்தைச் சேர்த்து வெச்ச பேரு."

தேவானை மகளைப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"பாப்பா சரியாதான் படிச்சிச்சு" என்றாள் அவசரமாக. "டெஸ்ட்டுன்னுதான் சொல்லிச்சு. நான்தான் மண்டைல ஏத்திக்கல."

"இல்ல மேடம்" என்றாள் நிலா. "நான்தான். அட்வைஸ்டு ஃபிஷ்னு படிச்சு நான்தான் சாப்பிடச் சொன்னேன். கூகுள்ல கூட பாத்தேன்."

"உன்னைச் சொல்லி ஒண்ணும் இல்லைம்மா. மீன் விக்கிறவங்ககிட்ட ஃபிஷ் முடிச்சுட்டு வாங்கன்னு சொன்னா வேற எப்படிப் புரியும்? அதை எங்க ஆளு யோசிச்சிருக்கணும்." நீரஜா திரையை இழுத்துவிட்டு தேவானையைப் பரிசோதித்தார். நெல்லிக்காய் இப்போது எலுமிச்சையை எட்டப் பார்த்தது. கக்கத்துக்குள் அவர் விரல் ஒரு இடத்தில் நின்றது, திரும்ப அதே இடத்துக்கு வந்தது.

"இது எப்போலேர்ந்து?"

"எது?"

தேவானை தானே தொட்டுப் பார்த்தாள். சுண்டைக்காய் மாதிரி ஒன்று உருண்டது. அவளுக்குத் தெரியாமல் வந்து உட்கார்ந்திருந்தது.

திரும்ப உட்கார்ந்த பிறகு அவள் கேட்டாள்: "அந்த டெஸ்ட்டு இன்னாத்துக்கு? இன்னா பாக்குறாங்க அதுல?"

வெளியே வரிசை நீண்டிருந்தது. நீரஜா பேனாவை மூடி வைத்தார்.

"நம்ம உடம்பு பூரா செல்லுதான், கோடிக்கணக்குல. ஒவ்வொரு செல்லோட தோல் மேலயும் ஆன்டெனா மாதிரி சின்னச் சின்னதா இருக்கும். உடம்பு 'வளரு'ன்னு ஒரு தகவல் அனுப்பும். ஆன்டெனா அதைப் பிடிச்சு உள்ளே சொல்லும். ஒரு செல்லு ரெண்டாகும். புண்ணு ஆர்றது, முடி வளர்றது எல்லாம் அப்படித்தான். தகவல் நின்னா வளர்றதும் நிக்கும். ஆனா சில பேர் கட்டியில அந்த ஆன்டெனா அளவுக்கு மீறி முளைச்சுடும். அப்போ வெளியிலேர்ந்து யாரும் தகவல் அனுப்பவே வேண்டாம். அதுங்களே ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, ராப்பகலா 'வளரு, வளரு'ன்னு உள்ளே சொல்லிக்கிட்டே இருக்கும்."

தேவானை யோசித்தாள். "ஏலம் மாரி."

"எப்படி?"

"காசிமேட்டுல ஏலம் கூவுறவன் ஒருத்தன்னா, அவன் நிறுத்துனா எல்லாம் நின்னுடும். இருவது பேரு ஒரே நேரத்துல கூவுனான்னு வைங்க, எவன் நிறுத்துறது? படகு வந்துச்சா, மீனு கீதான்னு கூட எவனும் பாக்க மாட்டான். கூவிக்கினே இருப்பான்."

"அதேதான்" என்றார் நீரஜா. "கூவுறவன் எத்தனை பேருன்னு எண்றதுதான் இந்த டெஸ்ட். உங்க முதல் ரிப்போர்ட்ல அதிகம்னும் சொல்ல முடியலை, இல்லைன்னும் சொல்ல முடியலை. நடுவுல நிக்குது. அதிகம்னா, அந்த வாயைப் பொத்துறதுக்குன்னே ஒரு ஊசி இருக்கு. நல்லா கேக்கும். அதிகம் இல்லைன்னா அந்த ஊசியால உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, வேற வழி பார்க்கணும். எண்ணாம எதையும் ஆரம்பிக்க முடியாது. அந்த பிளாக் குடுங்க, இன்னிக்கே அனுப்பறேன்."

"எந்த பிளாக்கு?"

"கவர்ல இருந்திருக்குமே, மெழுகுத் துண்டு. அதுலேர்ந்துதான் எண்ணணும்."

தேவானை, தொலைந்துபோய்விட்டது என்றாள். எங்கே என்று டாக்டர் கேட்கவில்லை. லேபுக்குப் போன் போட்டார். இருந்ததே ஒன்றுதான், கொடுத்தாகிவிட்டது, கையெழுத்து இருக்கிறது என்றார்கள்.

"சரி. புதுசா ஊசி போட்டு எடுக்கணும். வர்ற வியாழக்கிழமை. அப்புறம் அந்தத் துண்டு தயாராக ஒரு வாரம், ஃபிஷ் ஒரு வாரம்."

"மேடம்" என்றாள் நிலா. "கக்கத்துல வந்தது இந்த நாப்பத்தாறு நாள்லயா?"

"சொல்ல முடியாது. முன்னாடியே இருந்திருக்கலாம்."

"இல்லாமயும் இருந்திருக்கலாமா?"

நீரஜா பொய் சொல்லத் தெரியாதவர். "இருந்திருக்கலாம்" என்றார்.

தாயும் மகளும் பஸ்ஸில் திரும்பினார்கள். கலங்கரை விளக்கம் தாண்டியதும் நிலா கேட்டாள்: "எங்கம்மா தொலைச்ச அத்த?" தேவானை கடல் பக்கம் கையைக் காட்டினாள்.

மறுநாள் சனிக்கிழமை. விடிந்து வெளிச்சம் வந்ததும் நிலாவைப் பாயில் காணோம். தேவானை கரைக்குப் போனபோது மகள் அலை ஒதுக்கின குப்பையில் குனிந்திருந்தாள். பிளாஸ்டிக் பாட்டில், அறுந்த வலை, தேங்காய் மூடி, ஒற்றைச் செருப்பு. ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"நிலா, இன்னாடி பண்ற?"

"மெழுகு மிதக்கும்மா. முழுவாது. எங்கியாவது ஒதுங்கி இருக்கும்."

"முப்பது நாளு மேல ஆச்சுடி."

"மிதக்கும்னு சொல்றேன்ல!"

வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஆட்கள் குரல் கொடுத்தார்கள். "இன்னா நிலா, செயின உட்டுட்டியா? யாரு வாங்கிக் குடுத்த செயினு அது?" இன்னொருவன் சிரித்தான். "மோதிரம்டா. சொல்லு நிலா, வலை போட்டுத் தேடலாம்."

நிலா நிமிர்ந்து அவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "எங்கம்மா கட்டி."

அவர்களுக்குப் புரியவில்லை. அவள் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து அளவு காட்டி, வெள்ளைத் துண்டு, மெழுகு, உள்ளே நூல் மாதிரி என்று விளக்கினாள். ஏன் தேவை என்றும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. ஒருவன் வலையைப் போட்டுவிட்டு எழுந்தான். பிறகு இன்னொருவன். கொஞ்ச நேரத்தில் நொச்சிக்குப்பத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரைக்கும் கரையில் முப்பது பேர் குனிந்து நடந்துகொண்டிருந்தார்கள். கடலுக்குப் போகாமல் கதிரேசனும் நடந்தான். பொன்மணி கடையைத் திறக்கவில்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, காலால் குப்பையைக் கிளறிக்கொண்டே போனாள். வாக்கிங் வந்தவர்கள் என்ன ஏது என்று கேட்டுவிட்டு, புரியாமலே தாங்களும் இரண்டடி குனிந்து பார்த்தார்கள்.

வெள்ளையாக எதைக் கண்டாலும் கத்தினார்கள். மருந்து மூடி. உடைந்த சீப்பு. ஏதோ பொம்மையின் கை.

வெயில் ஏறியது. ஒவ்வொருவராக நின்றார்கள். நிலா நிற்கவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி, அலை இழுத்துப் போகும்போதெல்லாம் மணலை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பார்த்தாள். ஒரு பெரிய அலை வந்து அவளைச் சாய்த்தது. இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு முகம் தேவானையின் கண்ணில் வந்து போனது. ஓடிப்போய் மகளின் சடையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தாள். இடது கையைத் தூக்கியதில் மார்பு சுள்ளென்று வலித்தது.

"போதும்! அது போச்சுடி. நான் கீறேன்ல? என்னாண்ட இன்னும் கீதுல்ல? டாக்டரு எவ்ளோ வேணுமோ எடுத்துக்கட்டும்!"

நிலா ஈரத்தோடு அவள் காலில் சரிந்து உட்கார்ந்தாள். "என்னாலதான்மா."

"எனக்கு இங்கிலீஷு தெரியாது, உனக்கு டாக்டரு பாஷை தெரியாது. அவ்ளோதான். எய்ந்துரு."

வியாழக்கிழமை புது ஊசி. இந்தத் தடவை மெழுகுத் துண்டு கைக்கு வந்ததும் தேவானை அதை யாரையும் நம்பித் தரவில்லை. எவர்சில்வர் டிபன் டப்பாவில் வைத்து, அந்த டப்பாவைச் சின்ன ஐஸ் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் ஐஸை உடைத்துப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டே தி. நகர் போனாள். ஃபிஷ் டெஸ்ட் செய்கிற லேப் இரண்டாம் மாடியில் இருந்தது. வாங்கிக்கொண்ட டெக்னீஷியன் பெண் ஆஃப்ரீன் பெட்டியைத் திறந்துவிட்டுச் சிரித்தாள்.

"ஐஸ் எதுக்கும்மா? இது கெட்டுப் போகாது. வருஷக்கணக்கா அப்படியே இருக்கும்."

"இருக்கட்டும் கண்ணு. ஐஸு இல்லாத சரக்கு மேல எனக்கு நம்பிக்க இல்ல."

பக்கத்தில் நின்ற நிலா விஷயத்தைச் சொன்னாள். நாற்பத்தாறு நாள், காலண்டர், எல்லாம். ஆஃப்ரீன் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். இந்த டெஸ்டை ஆறு வருஷமாகச் செய்கிறாள். அந்தப் பேர் இப்படியும் காதில் விழும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அடுத்த வாரம் ரிப்போர்ட்டு தயாரா என்று கேட்கத் தேவானை தனியாகப் போனாள். டாக்டர் கையெழுத்து மட்டும் பாக்கி என்றாள் ஆஃப்ரீன். தேவானை கிளம்பாமல் நின்றாள்.

"நீ எண்ணுனியே, அத்த நான் பாக்கலாமா?"

ஆஃப்ரீன் திரும்பிப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்தாள். "ரிசல்ட் என்னன்னு நான் சொல்லக் கூடாதும்மா. டாக்டர்தான் சொல்லணும். பார்க்கறது மட்டும்னா பாருங்க."

இருட்டடித்த சின்ன அறை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் முதலில் கறுப்பு. பிறகு கறுப்பில் நீல நீல உருண்டைகள். உருண்டைக்குள் பச்சையாகவும் சிவப்பாகவும் பொட்டுகள்.

"ஒவ்வொரு உருண்டையும் ஒரு செல்லு. சாதாரண செல்லுல பச்சை ரெண்டு, சிவப்பு ரெண்டு இருக்கும். அவ்ளோதான் நான் சொல்வேன்."

தேவானை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். பச்சை, ஒன்று, இரண்டு. சிவப்பை எண்ணப் போனாள். எண்ண முடியவில்லை. ஒரு கைப்பிடி சென்னாக்குன்னியை, அந்தப் பொடி இறாலை, கொட்டின மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தது. அடுத்த உருண்டை. அதற்கடுத்த உருண்டை. எல்லாவற்றிலும் சிவப்பு.

செவுளு சிவப்பாயிருந்தால் நல்லது என்று ஊருக்கே சொல்கிறவள். இந்தச் சிவப்பு நல்லதா, கெட்டதா? கூவுறவன் இத்தனை பேர் என்றால் வளர்ந்தது ஏன் என்று தெரிந்துவிட்டது. வாயைப் பொத்துகிற ஊசி கேட்கும் என்பதும் தெரிந்துவிட்டது. இரண்டும் ஒரே சிவப்பு. அவள் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். பனகல் பார்க் பக்கமிருந்து வந்த ஜனத்திரள் பைகளோடு அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

இரண்டு நாள் கழித்து டாக்டர் நீரஜா "பாசிட்டிவ்" என்றார். நிலா பயந்து போய் அம்மாவின் கையைப் பிடித்தாள். தேவானைக்குப் பயமில்லை. "எண்ணிக்க ஜாஸ்திதானே டாக்டரம்மா? நான் பாத்தேன்." ஊசி உண்டு. இதயத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டு, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, கூடவே மற்ற மருந்து. பிறகு ஆபரேஷன். நல்ல செய்தியை முடித்துவிட்டு டாக்டர், இடையில் எடுத்திருந்த வயிற்று ஸ்கேனின் ஃபிலிமை எடுத்தார். ஈரலில் ஒரு சின்ன நிழல். அதுவாகவும் இருக்கலாம், ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். மூன்று மாசம் கழித்துத் திரும்ப எடுத்தால்தான் தெரியும்.

நிலா இந்தத் தடவை எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கேள்வி அவளுக்குள்ளேயே போய்விட்டது. அதைத்தான் தேவானை பார்த்தாள். கட்டியைக் காட்டிலும் அது அவளைப் பயமுறுத்தியது. கட்டிக்கு ஊசி இருக்கிறது. தான் போய்ச் சேர்ந்தால், இந்தப் பெண் ஆயுசுக்கும் நாற்பத்தாறை எண்ணிக்கொண்டிருப்பாள்.

முதல் ஊசி ஏறிய அன்று வார்டில் ஒரு நர்ஸ் ஃபாரத்தோடு வந்தாள். சாப்பாடு விவரம் எழுதுகிறவள். பால்? முட்டை? கீரை?

"மீன் சாப்பிடுவீங்களா?"

கட்டில் ஓரத்தில் நின்ற நிலா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா பழையபடி இல்லை என்றுதான் சொல்வாள். ஃபிஷ் டெஸ்ட் என்று தெரிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே சட்டியைக் கவிழ்த்தாயிற்று. வீட்டில் மீன் நின்று ஒரு மாசம்.

பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைத் தேவானை பார்த்துக்கொண்டிருந்தாள். இந்நேரம் முதல் வாயைப் பொத்தியிருக்குமா?

"சாப்பிடுவேன்" என்றாள். "எழுதிக்கோ. தெனமும்."

நிலா நிமிர்ந்தாள். "நீதான் துன்ன மாட்டியேம்மா. நான் தப்பா சொன்னதாலதான…"

"தப்பா சொன்னியோ ரைட்டா சொன்னியோ, எனக்கு ருசி புடிச்சுப்போச்சுடி. இருவது வருசம் சொம்மா உட்டுட்டேன். போவும்போது மார்க்கெட்ல ரெண்டு சங்கரா எடு. பொன்மணியாண்ட எடுக்காத, ஏமாத்துவா. செவுளு தூக்கிப் பாத்து எடு."

நிலா சிரித்தாளா அழுதாளா என்று சொல்வது கஷ்டம். நர்ஸ் ஃபாரத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

சொன்னது பொய். நாற்பத்தாறு நாளில் ஒரு நாள்கூட அவளுக்கு ருசிக்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில், மருந்தின் குமட்டல் தொண்டை வரை ஏறி நிற்க, தட்டில் மகள் வறுத்து வைத்த சங்கரா. தேவானை ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தாள். எதிரே உட்கார்ந்து தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தபடி, கண்ணை மூடாமல், விழுங்கினாள்.